ஆற்றுக்குள் போன புள்ளி

1. மழை

அன்று பிற்பகல் மழை விடவே இல்லை. பேராதனையிலிருந்து கெலிஓயா வரைக்கும் மகாவலி கலங்கி, கரையை முட்டிக்கொண்டு ஓடியது. நான் கண்டி டவுனில் ஒபிசில் இருந்தேன். எங்கள் கம்பனி விற்பது ஸ்கூல் வேன் ஆப். ஓட்டுநரின் போன், வேன் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பெற்றோரின் போனில் வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நகரும்.

போன் அடித்தது. தேவகி அக்கா. யாழ்ப்பாணத்தவர், கெலிஓயாவில் குடியிருக்கிறார். மகள் எங்கள் ஆப் போட்ட வேனில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறாள்.

"பிள்ளை, வேன் ஆத்துக்க போகுது! என்ர மகள் அதுக்குள்ள!"

ஸ்கிரீனைத் திறந்தேன். உண்மைதான். புள்ளி ரோட்டை விட்டு விலகி மகாவலியின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஓட்டுநர் நஸீருக்குக் கோல் எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன்.

வேன் பிள்ளைகளோடு வீடு வந்து சேர்ந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு வளைவுக்கு முன்னால் மரம் விழுந்து கிடந்திருக்கிறது. அதை வெட்டி எடுக்கும்வரை நானா வேனை ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் சிக்னல் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

நின்றுகொண்டிருந்த வேன் எங்கள் படத்தில் மட்டும் எப்படி ஆற்றுக்குள் போனது? அதைச் சொல்ல, நான் வந்த வழியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. கார் ஓட்டிய கணக்கு

நான் ஹந்தானைக்காரி. ஒன்பதாம் வகுப்போடு பாடசாலையை விட்டுவிட்டு டவுனில் ஒரு கேம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளைகள் வந்து கம்பியூட்டரில் விளையாடுவார்கள். மெஷினைப் போடுவதும் நிறுத்துவதும் என் வேலை. மெஷின் படுத்துவிட்டால் முதலாளி என்னைத்தான் ஏசுவார் என்ற பயத்தில் அதைக் கழற்றிப் பார்க்கப் பழகினேன். நான் கற்றதெல்லாம் பயத்தில் கற்றதுதான்.

அங்கிருந்து ஒரு சின்ன கேம் கம்பனிக்குப் போனேன். முதலில் டெஸ்டர், பிறகு கோட் எழுதுகிறவள். அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஜெரோம் சேர். பல பேர் நெட்டில் சேர்ந்து ஓட்டும் கார் ரேஸ் ஒன்று செய்தோம். எதிராளியின் கார் எங்கே இருக்கிறது என்ற டேட்டா சில நேரம் தாமதமாக வரும். அதுவரை கார் திக்கித் திக்கி நிற்கக் கூடாது. அதனால் கடைசியாகப் போன திசையில், அதே வேகத்தில் போகிறது என்று நாங்களே வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டுவோம். இதற்கு 'பிரெடிக்ஷன்' என்று பெயர். கேமில் இது குற்றமில்லை. அழகாகப் பொய் சொல்வதுதான் அங்கே சம்பளம் வாங்கும் வேலை.

அந்தக் கம்பனி மூடிய பிறகு கடைகளுக்கு பில் போடும் சொஃப்ட்வெயார் எழுதினேன். பிலிமத்தலாவையில் ஒரு மொத்தக்கடை முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஓங்க கம்பியூட்டர்ல அரிசி இருக்கு, கடையில இல்ல. கம்பியூட்டரையா அவிச்சுத் திங்கச் சொல்றீங்க?" அழுதுகொண்டே பஸ் ஏறினேன். ஆனால் அவர் கேட்டது நியாயம்.

பிறகு எல்லாம் போனுக்கு மாறியது. ஜெரோம் சேர் வேன் ஆப் தொடங்கி என்னையும் கூப்பிட்டார். மலைப்பக்க ரோடுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் புள்ளி ஓரிடத்தில் நின்று, திடீரென்று வேறோரிடத்தில் முளைக்கும்.

"புள்ளி தவளை மாதிரி தாவுதுன்னு பேரன்ட்ஸ் கம்ப்ளைன் பண்றாங்க," என்றார் சேர். "நம்ம ரேஸ் கார் மாதிரி வழுக்கிட்டுப் போகணும். அந்தக் கோட எடுத்துப் போடு."

"சேர், இதுல உள்ளுக்குப் புள்ளைங்க இருக்காங்க. சிக்னல் இல்லாட்டி இல்லன்னே காட்டுவோமே."

"நீ லிஃப்ட்ல ஏறவே பயப்படுறவ. ஒன்ன கேட்டா நான் கம்பனிக்குப் பூட்டுத்தான் போடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளின் எச்சரிக்கைக்கு விலை கிடையாது. எது வழக்கமான பயம், எது நிஜமான பயம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மழை நாளில் சிக்னல் போனதும், ரோடு வளைந்த இடத்தில் புள்ளி வளையவில்லை. நேரே ஆற்றுக்குள் போனது.

3. மதில்

மறுநாள் பெற்றோரின் வட்ஸ்அப் குரூப் கொதித்தது. நானா போனை ஓஃப் பண்ணிவிட்டு ஆற்றங்கரையில் வேனை இறக்கினாராம். அவரை மாற்ற வேண்டும் என்று பாதிப்பேர் எழுதிவிட்டார்கள். அவருக்கு அந்த ஓட்டம் ஒன்றுதான் பிழைப்பு.

"'டிரைவரோட போன்ல பிழை'ன்னு தமிழ்ல ஒரு மெசேஜ் எழுதிப் போடு," என்றார் சேர். அவர் கெட்டவர் இல்லை. புதிதாக இரண்டு பாடசாலைகள் சேர இருந்தன, பாவம், அவருக்கும் பயம்.

அந்த நேரம் பார்த்து நானாவே ஒபிசுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"தங்கச்சி, நான் தண்ணிக்குள்ள இருந்தனாம். இங்க பாருங்க, சப்பாத்துகூட நனையல்ல. ஒங்கட படம் பொய்யா, நான் பொய்யா? ஒண்டச் சொல்லுங்க."

சேர் ஜன்னலைப் பார்த்தார். என் மனதில் ஓடியது இதுதான்: ஓ/எல் பரீட்சைகூட எழுதாதவள், இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

"படந்தான் நானா," என்றேன்.

அன்று பாடசாலை விடும் நேரத்துக்கு கேட் வாசலில் நின்ற பெற்றோரிடம் போனேன். என் போனையும் ஒரு வேன் என்று ஆப்பில் பதிந்து, அவர்கள் படத்தில் தெரியும்படி வைத்திருந்தேன். "இத மட்டும் பாருங்க," என்று சொல்லிவிட்டு, பாடசாலை மதிலை நோக்கி வேகமாக நடந்தேன். மதிலடியில், சிக்னல் போகட்டும் என்று போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு நின்றேன். அவர்கள் கையிலிருந்த போன்களில் நான் நிற்கவில்லை. மதிலைக் கடந்து, வகுப்பறைகளைக் கடந்து போய்க்கொண்டே இருந்தேன்.

ஒருவர் சிரித்தார். தேவகி அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நான் பாத்துக்கொண்டு இருந்தது என்ன?"

"கொஞ்சம் நெசம், அக்கா. கொஞ்சம் நாங்க ஊகிச்சது."

"எது எதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது," என்றேன். அவர் அந்த இடத்திலேயே ஆப்பை அழித்தார். இன்னும் பலரும் அழித்தார்கள். நானாவை மாற்றும் பேச்சு அதோடு நின்றது.

4. இப்போது

சேர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. புதிய பாடசாலைகளில் ஒன்று விலகிக்கொண்டது. பிறகு ஒருநாள், "நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே செஞ்சு தொலை," என்றார். இப்போது சிக்னல் போனால் புள்ளி சாம்பல் நிறமாகி நிற்கும். 'கடைசியாகக் கண்ட இடம்' என்று கீழே வரும். பார்க்க அழகில்லை. சாம்பல் வந்தால் உடனே கோல் வரும், திட்டும் வரும். காதோடு சேர்த்து உடம்பும் களைத்துவிட்டது.

தம்பி தங்கைகளே, நீங்கள் ஸ்கிரீனில் எதைக் காட்டினாலும் யாராவது ஒருவர் அதை உயிர்போல நம்பிக்கொண்டிருப்பார். தெரியாததைத் தெரியாது என்றே காட்டுங்கள். அதற்குக் கைதட்டல் கிடைக்காது.

போன வாரம் நஸீர் நானாவை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். தேவகி அக்கா மகளை இன்னும் அவர் வேனில்தான் அனுப்புகிறாராம்.

"ஒங்கட சாம்பலால எனக்குத்தான் கரச்சல் தங்கச்சி. சிக்னல் வந்த ஒடனே எல்லாப் புள்ளைகள்ட உம்மாமாரும் கோல் அடிக்கிறாங்க."

"எடுக்கிறீங்களா நானா?"

"எடுக்காம? வேன ஓரமா நிப்பாட்டிட்டு, உம்மாவோட பேசச் சொல்லி போனை அந்தப் புள்ளைட கையிலயே குடுக்கிறன்."