பம்பருக்குப் பூசிய கறுப்பு

அந்தக் கறை என்னுடையது. இஸ்திரிப் பெட்டியின் கரி அல்ல. பிலோமினா செய்ததும் அல்ல. நான் பூசிய ஷூ பாலிஷ்!

உங்களுக்கு அவளைத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, உங்களிடம் சொல்லத் துணிகிறேன்...

பிலோமினா என் கணவரின் மூத்த தங்கை. இளையவள் ஸ்டெல்லா. மூத்தவளுக்கு வரன் அமையாமலே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இளையவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. "எனக்கோசரம் அவள நிறுத்தி வைக்காதீங்க" என்று சொன்னவளே பிலோமினாதான்.

மணப்பெண்ணை அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில் மாதா கோயிலுக்கு எங்கள் பழைய காரில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. வெயிலில் நின்று நின்று அதன் கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர் சாம்பல் பூத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன் அப்படியா போய் இறங்குவது? என் பிறந்த வீட்டார் வேறு வருகிறார்களே!

தேங்காய் எண்ணெய் தடவினேன். சற்று நேரம் மின்னிவிட்டுப் புழுதியை அப்பிக்கொண்டது. பிறகுதான் கணவரின் ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்தேன். என்ன கறுப்பு! புது வண்டியே போல!

துணியில் கறுப்பு ஒட்டாமல் ஆகும்வரை அழுத்தித் துடைத்திருக்க வேண்டும். தெரியும்... நன்றாகவே தெரியும். தலைக்குப் பூ வைக்க நேரமாகிறதென்று அரைகுறையாய் விட்டுவிட்டேன்.

கோயில் வாசலில் மே மாத வெயில். ஸ்டெல்லா இறங்கி, வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். வெள்ளைச் சேலையில், முழங்காலுக்குக் கீழே... நீளமாய் ஒரு கறுப்புத் தீற்றல்!

யாரும் வண்டியைப் பார்க்கவில்லை.

"இன்னா இது? சேலையெல்லாம் கரியாக் கீது! யாரு தேச்சது?" என்றாள் மாப்பிள்ளையின் தாயார்.

அன்று காலை கரிப் பெட்டியால் சேலையைத் தேய்த்த பிலோமினா முன்னே வந்தாள். அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தனக்கு முன்னாடி தங்கச்சிக்கு ஆவுதேன்னு வயித்தெரிச்சலு. வேணும்னே பண்ணிக்கீறா."

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறந்தேனா? இல்லை!

அது பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லோரும் பிரியாணிப் பந்தியில் இருக்கையில், சமையல்காரரிடம் மண்ணெண்ணெய் வாங்கி, அந்தப் பம்பரைத் துடைத்துத் துடைத்துச் சாம்பல் நிறத்துக்கே கொண்டுவந்தேனே... அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பிலோமினாவைத் தங்கையின் வீட்டு வாசற்படி மிதிக்க மாப்பிள்ளை வீட்டார் விடவில்லை. உறவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் அவள் போகாமலானாள். பூந்தமல்லியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

ஸ்டெல்லாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. பிலோமினாவை அழைக்கவில்லை. மறுநாள் நான் விடுதிக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள்!

"கொழந்த யாரு மாதிரி கீது அண்ணி?" என்று கேட்டாள்.

"சத்தியமா வேணும்னு பண்ணல அண்ணி. ஆனா பொட்டிய சரியா ஊதித் தட்டாம உட்டுட்டேன் போல கீது... யோசிச்சி யோசிச்சி பாத்துட்டேன். நான்தான். என்ன மன்னிச்சிடுங்க."

அவளே நம்பிவிட்டாள்! என் பொய்யை அல்ல. நான் பொய்கூடச் சொல்லவில்லையே... என் மௌனத்தை!

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போவட்டும் உடு, பிலோமி. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அவள் அழுதாள். எனக்கு நன்றி சொன்னாள்... ஐயோ, எனக்கு!

இப்போதும் சில ஞாயிறுகளில் பூந்தமல்லிப் பேருந்தில் ஏறுகிறேன். பூந்தமல்லிக்குச் சற்று முன்னால், காட்டுப்பாக்கம் வந்ததும் இறங்கி, சாலையைக் கடந்து, எதிரே வரும் பேருந்தில் திரும்பிவிடுகிறேன்.