வெல்டா எந்தப் பக்கம்?

வெல்டா ஹ்ருஷ்காவுக்கு அறுபத்தொரு வயது. எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடை போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் ‘ஸ்கொயர் டான்ஸ்’ என்ற சதுர ஆட்டத்தில் மட்டும், இருபத்திரண்டு வருஷமாக அவள் ஆண்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நான்கு ஜோடி சேர்ந்தால்தான் ஒரு சதுரம். எங்கள் ஊர் ஆண்கள் கொட்டும் பனியில்கூட வேலி கட்டுவார்கள், ஆட மட்டும் வரமாட்டார்கள். ஆள் குறைந்தால் ஒரு பெண் கையில் மஞ்சள் நாடா கட்டிக்கொண்டு ஆண் பக்கம் ஆடுவாள். ஜோடியில் ஆண் இடது பக்கம், பெண் வலது பக்கம். புருஷன் விட்டுப் போன வருஷம் வெல்டா அந்த நாடாவைக் கட்டினாள். என் புருஷனைவிட நன்றாகச் சுழற்றுவாள். சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

இந்த மார்ச்சில் டெல்மர் வோபாட் வந்து சேர்ந்தார். பன்றிப் பண்ணைக்காரர், மனைவி இறந்து மூன்று வருஷம். காது மந்தம், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது வாரமே ஒரு தட்டு நிறையக் கொலாச்சி என்ற பழம் வைத்த பன்னோடு வெல்டா முன்னால் போய் நின்றார்.

“மே மாசம் லிங்கன் நகரத்துல பெரிய ஆட்டம் இருக்குல்ல. என்கூட ஜோடியா வர்றீங்களா?”

“நானா? எந்தப் பக்கம்?”

“என் பக்கம்,” என்றார் அவர்.

அன்றே ஆடிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் அடுத்த அடியைப் பாடிச் சொல்லும் லீலண்ட், “ஆம்பளைங்க நடுவுக்கு” என்றார். நான்கு பேர் போக வேண்டிய இடத்துக்கு ஐந்து பேர் போனார்கள். டெல்மரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. வெல்டாவின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது.

காபி மேசையருகே அவளைப் பிடித்தேன். “ஏண்டி, இருபத்திரண்டு வருஷம் எதிர்ல நின்னு எங்களைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? எங்களை மாதிரி ஆடேன்.”

“உன்னை மாதிரி ஆடுறதுக்கு நான் உக்காந்தே இருக்கலாம்.” பிறகு குரல் தாழ்ந்தது. “எனக்கு அவர்கூடப் போகணும்னு ஆசையா இருக்குடி. அவர் கேட்டப்போ காதெல்லாம் சூடாயிடுச்சு. ஆனா ‘பொம்பளைங்க’ன்னு கூப்பிட்டா, வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நிக்கிறேன். கால் நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது.”

அடுத்த நான்கு வாரம் இருவரையும் காணவில்லை. அவளுக்கு முழங்கால் வலியாம். அவருடைய பன்றிகள் குட்டி போடுகின்றனவாம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு இருவர் மேலும் எரிச்சலாக வந்தது.

லிங்கனுக்கு முந்தைய ஞாயிறு இருவரும் வந்தார்கள். வெல்டாவின் கையில் நாடா இல்லை. கஞ்சி போட்ட குடைப் பாவாடை கட்டியிருந்தாள். நேரே போய் டெல்மரின் வலது பக்கம் நின்றாள். உடனே அவர் சுற்றிவந்து அவளுடைய வலது பக்கம் நின்றார். அவள் மறுபடி அவருக்கு வலது பக்கம். இப்படியே நகர்ந்து நகர்ந்து இருவரும் காபி மேசை வரை போய்விட்டார்கள்.

“அங்க என்னப்பா நடக்குது?” என்றார் லீலண்ட், ஒலிபெருக்கியிலேயே. “உங்க ரெண்டு பேர்ல ஆம்பளை யாரு?”

இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

“உங்களைச் சிரமப்படுத்த வேணாம்னு நானே பொம்பளைப் பக்கத்தைக் கத்துக்கிட்டேன்,” என்றார் டெல்மர். “அடுக்களை நாற்காலிதான் எனக்கு ஜோடி.”

“நான் கிடங்குல தொடப்பத்தோட,” என்றாள் வெல்டா. “இப்ப ஆம்பளைப் பக்கமும் மறந்து போச்சு.”

பாட்டு தொடங்கிவிட்டது. யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. வெல்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே காதைத் தீட்டினால்தான் கேட்டது.

“எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல. நீங்க கையை மட்டும் விட்டுடாதீங்க.”

“விட மாட்டேன்,” என்றார் டெல்மர். அது மட்டும் அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

அன்று என் கால் மூன்று முறை மிதிபட்டது. நான் ஆடிக்கொண்டே இருந்தேன்.