அயர்லாந்துப் பட்டியலும் எங்கட இடாப்பும்

கையெழுத்து வடிவாயிருக்குது எண்டதுக்காக ஒருத்தனைப் பிடிச்சுச் செயலாளராக்கிறது எங்கட பக்கத்திலதான் நடக்கும். வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில முப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்சுப்போட்டு, பென்சனோட திருகோணமலைத் துறைமுகத்தடிக்கு வந்து குடியிருந்தனான். ஆறு மாதம் ஆகேல்ல, கடற்றொழிலாளர் சங்கத்து ஆக்கள் உறுப்பினர் பேரும் வரவும் பதியிற இடாப்பைக் கொண்டுவந்து என்ர மடியில வைச்சிட்டுப் போட்டினம். நானோ வலையைக் கையால தொட்டும் அறியாதவன்.

முதல் கூட்டத்திலேயே எனக்கு விசர் வந்தது. பேரைக் கூப்பிட்டால் எங்கையோ இருந்து "உள்ளேன்" எண்டு சத்தம் வரும். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. வெத்திலை வாயோட ஒரே மனிசன் நாலு பேருக்குப் பதில் சொல்லுறார். கேட்டால், "அவன் கடலில நிக்கிறான் சேர், நான் சொன்னா அவன் சொன்ன மாதிரித்தான்" எண்டுறார். முப்பது வருசம் இடாப்புக் கூப்பிட்ட எனக்கு இது பொறுக்குமோ? இனி வந்தவர் மட்டும்தான் தன்ர பேருக்குப் பதில் சொல்லவேணும், கடலுக்குப் போறவை முதலே எனக்குச் சொல்லிப்போட்டுப் போகவேணும், சொல்லாமல் மூண்டு கூட்டம் அடுத்தடுத்து வராதவரின்ர பேரை விதிப்படி வெட்டுவன் எண்டு அறுத்துறுத்துச் சொல்லி, அண்டைக்கு இல்லாதவைக்கு வரேல்ல எண்டும் குறிச்சுப்போட்டன்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பில புத்தகம் போடுற சிநேகிதர் ஒருவர் ஒரு மொழிபெயர்ப்பு வேலை அனுப்பினார். அயர்லாந்துக்காரர் இங்கிலாந்திட்ட இருந்து பிரியிற காலத்தில கூட்டின முதல் பாராளுமன்றத்தில ஆரார் உறுப்பினர் எண்ட கட்டுரை. சின்ன வேலைதானே எண்டு ஓம் எண்டிட்டன். அது பேய்ப் பட்டியல். தேர்தலில வெண்டவை, லண்டனுக்குப் போகமாட்டம் எண்டு டப்ளினில கூடினவை. சரி. ஆனா வெண்டவையில கனபேர் இங்கிலாந்துக்காரரின்ர மறியல் சிறையில. எதிர்க்கட்சிக்காரரின்ர பேரையும் உறுப்பினர் எண்டு கூப்பிட்டிருக்கினம், அவை ஒருத்தரும் அந்தப் பக்கமே போகேல்ல. ஒரே ஆள் இரண்டு தொகுதியில வெண்டிருக்கிறார். நான் எண்ணிற ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கணக்கு வருது. போதாக்குறைக்கு, அண்டைக்குக் களவாய் இங்கிலாந்தில நிண்ட இரண்டு பேரை வந்தவை எண்டு பதிஞ்சிருக்கினம். கண்ணாடியைக் கழட்டி மேசையில எறிஞ்சன். அங்கையும் ஒரு வெத்திலைக்காரர் இருந்திருக்கிறார்.

மறியலில இருந்தவையின்ர பேரைக் கூப்பிடேக்க, "அந்நியர் பிடிச்சு அடைச்சு வைச்சிருக்கினம்" எண்டு ஒவ்வொரு பேருக்கும் பதில் சொன்னவையாம். திரும்பத் திரும்ப அதே வசனம். எனக்கு அலுத்துப்போச்சு. எல்லாரையும் "வராதோர்" எண்ட ஒரே தலைப்புக்குக் கீழ போட்டு முடிச்சன். பார்க்க வடிவாய்த்தான் இருந்தது.

இரண்டாவது கூட்டம் முடிஞ்ச அடுத்த நாள் பின்னேரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தா. சங்க உறுப்பினர் ஒருவரின்ர மனிசி. கதிரையைக் காட்டினன், இருக்கேல்ல.

"சேர், என்ர அவருக்கு இரண்டு தரம் வரேல்ல எண்டு போட்டிட்டீங்களாம்."

"வராட்டி அப்பிடித்தானே பிள்ளை போடவேணும். கடலுக்குப் போறதெண்டா ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போகலாமே?"

"அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம் சேர். சண்டைக் காலத்தில, கப்பல்துறையில இருந்து வரேக்க, கண்டி றோட்டில. அப்ப மகள் வயித்தில. இப்ப அவளுக்குப் பதினாறு வயசு, ஓ.எல். சோதினையும் எழுதிட்டாள்."

இவ்வளவு வருசமும் அவருக்காக "உள்ளேன்" சொல்லி வந்தவர் அந்த வெத்திலைக்காரர். அதை நிப்பாட்டினது நான்.

"மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ, காணியை உங்கட பேருக்கு மாத்தித் தாறம் எண்டு அரசாங்கக் கந்தோரில சொல்லினம். செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன். உயிரோட இருக்கிற மனிசரோட சேர்த்து அவரின்ர பேரைக் கூப்பிடுறது உந்த ஒரு இடாப்பில மட்டும்தான். வாற கூட்டத்தில நீங்கள் வெட்டினா அதுவும் இல்லை."

என்ர விதி, என்ர வடிவான கையெழுத்து. எனக்கு என்னிலேயே பத்திக்கொண்டு வந்தது. அவ போன பிறகு அயர்லாந்துப் பட்டியலை எடுத்து "வராதோர்" தலைப்பை வெட்டினன். மறியலில இருந்த ஒவ்வொருத்தரின்ர பேருக்கு நேரையும் அந்த வசனத்தைத் திருப்பி எழுதினன். கொழும்புச் சிநேகிதர் போனில, இடம் காணாது, சுருக்கித் தாரும் எண்டார். ஏலாது எண்டன்.

மூண்டாவது கூட்டத்தில அவரின்ர பேரைக் கூப்பிட்டன். வெத்திலைக்காரர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்திட்டு மூடினார். பின்வாங்கில இருந்து அவ எழும்பினா.

"பிடிச்சுக்கொண்டு போனவை இன்னும் விடேல்ல."

அதை அப்பிடியே பேருக்கு நேர எழுதினன். கட்டத்துக்குள்ள கொள்ளேல்ல, பக்கத்து ஓரம் வரைக்கும் போச்சுது.

போன கிழமை, சங்கங்களின்ர இடாப்பைப் பார்வையிடுற அரசாங்க மேலதிகாரி ஒருவர் எங்கட இடாப்பைத் திருப்பி அனுப்பியிருந்தார். சிவப்பு மையில குறிப்பு: இவர் வந்தவரா, வராதவரா, ஒன்றைத் தெளிவாகக் குறிப்பிடவும். பேருக்கு நேர எழுதினது போதாதோ இந்த மனிசருக்கு? அவரின்ர குறிப்புக்குக் கீழ, என்னால ஏலுமான அளவு வடிவாய் எழுதி அனுப்பினன்: இதற்கான பதில் எங்களிடம் இல்லை. கொண்டுபோனவர்களிடம் கேட்டு எழுதவும்.