மொத பந்து ட்ரையலு

எங்கண்ணன் பேட்டு இன்னும் எங்க ஊட்டுக் கதவாண்ட தான் சாஞ்சிக்கினு கீது. வேல செஞ்ச கம்பெனில சரக்கு அடுக்குற பலகைய ஒடச்சி, அண்ணனே சீவி செஞ்சது. அதுல அச்சடிச்ச இங்கிலீஷ் எழுத்து பாதி இன்னும் அழியல. புடிக்கு சைக்கிள் ட்யூப சுத்தி வெச்சிருக்கும்.

ஆரம்பாக்கத்துல அறுப்பு முடிஞ்ச வயல் தான் எங்களுக்கு கிரவுண்டு. வெள்ளக்காரன் ஆட்டத்த அவன் சொன்ன மாதிரியா ஆடுனோம்? கெணத்துல பந்து வுழுந்தா அடிச்சவன் அவுட்டு, ஏன்னா வேற பந்து இல்ல. மொத பந்து எவனுக்கும் ட்ரையலு. குச்சி பறந்தாலும் அவுட்டு கெடையாது. பொம்பளப் புள்ள நான் ஆடப் போனப்ப பசங்க சிரிச்சானுங்க. அண்ணன் தான், "இன்னாடா இளிப்பு? கை பழக வாணாமா? ட்ரையலு எல்லாருக்கும் தான்"னு அதட்டுச்சு.

கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில அண்ணன் கான்ட்ராக்ட்டு. பெருக்குறது, மூட்ட தூக்குறது. கம்பெனி டீம்ல சேந்துட்டா பர்மனன்ட் ஆக்கிடுவாங்கன்னு பேச்சு. சுனாமிக்கு அடுத்த வருசம், ஒரு ஞாயித்துக்கெழம, இரவல் வெள்ள சட்ட போட்டுக்கினு ஆடப் போச்சு. நானும் கூடப் போனேன். மொத பந்துலயே ஸ்டெம்ப் பறந்துடுச்சு. அண்ணன் நகரவே இல்ல. பழக்கத்துல, "சார், ட்ரையலு"ன்னுச்சு. ஆபீசருங்க வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாங்க. "தம்பி, இது கிரிக்கெட்டு. உங்க ஊரு கில்லி இல்ல, கெளம்பு"ன்னாரு ஒருத்தரு. அன்னிலேர்ந்து கம்பெனில அண்ணன் பேரே ட்ரையலு. "டேய் ட்ரையலு, போய் டீ வாங்கியா."

கொஞ்ச மாசம் கழிச்சி, தகடு அமுக்குற மெசினுக்கு ஆளு வரலன்னு அண்ணன நிக்க வெச்சாங்க. "ஒரு தபா ஓட்டிக் காட்டுங்க சார்"னு கேட்டுச்சாம். "இங்கயும் ட்ரையலாடா?"ன்னாராம் சூப்பர்வைசரு. எல்லாரும் சிரிச்சாங்களாம். கூட வேல செஞ்சவரு தான் எங்கம்மா கிட்ட அழுதுக்கினே சொன்னாரு. மொத தகடு வெக்கும்போதே மெசின் அண்ணன் மேல எறங்கிடுச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. அவன் தப்பு தான்னு கம்பெனில சொல்லிட்டாங்க. பழகாத கை, தப்பு பண்ணாம இன்னா பண்ணும்?

நேத்து பசங்க பேட்டு கேட்டு வந்தானுங்க. குடுத்துட்டு நானும் பின்னாடியே போனேன். ஒரு பொடியனுக்கு மொத பந்துலயே குச்சி பறந்துச்சு. "ட்ரையலு! ட்ரையலு!"ன்னு எல்லாரும் கத்துனானுங்க. அவன் குச்சிய நட்டுட்டு, அண்ணன் பேட்ட தரையில தட்டிக்கினு மறுபடி நின்னான்.

அவ்ளோ தான் எங்கண்ணன் கேட்டுச்சு.