அக்கா கதவைத் தாழிட்டதில்லை

அன்புக்குரிய உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைவடைகிறது. இன்றைய திதிக்கு வந்து, அவர் படத்துக்குப் பூ வைத்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கிறீர்கள். இதில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் கொடுத்தார். "நீ படிச்ச புள்ள, நீயே எழுதும்மா" என்றார். பலமுறை எழுதி அழித்தேன். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது முறை. அக்காவைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறு இல்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை. இதை எழுதுவது சரியா என்று இந்த வரி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளர்கள். அக்கா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அம்மா மலையில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அக்கா பரீட்சை எழுதவில்லை. அம்மாவின் கொழுந்துக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அதைப் பற்றி ஒருநாளும் அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை. நான் உயர்தரம் முடித்து முன்பள்ளி ஆசிரியை ஆனேன். எனக்குக் குழந்தை பிறந்த பிறகும் அவருக்கு நான் "பாப்பா"தான்.

அத்தானைக் கைப்பிடித்த பிறகு அக்காவுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அக்காவுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அந்தத் தோட்டத்தில் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் மடியில் தூங்கியவர்கள். பிள்ளையை விட வரும் தாய்மார் தங்கள் வீட்டுப் பிரச்சினையையும் அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். குடிக்கிற புருசன், பேசாத மாமியார், கொழும்புக்கு வேலைக்குப் போய் போன் எடுக்காத மகள். அக்கா ஒரு பிள்ளையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார். மாலையில் அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிரச்சினை அக்காவோடு வீட்டுக்கு வரும்.

சில வருடங்களுக்கு முன் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் ஆளுமை விருத்திப் பயிற்சி நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மட்டும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா போனார். திரும்பும் வழியில் என் புகுந்த வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க பாப்பா. ஒடம்பு அலுத்தா உக்காருறோம், மனசு அலுத்தாலும் உக்காரணுமாம். முடியாதுன்னு சொல்றது பாவம் இல்லையாம். ஆனா, இதக் கேக்க வேண்டியவங்க ஒருத்தரும் அங்க இல்ல."

அடுத்த மாதமே அக்கா தோட்டத்தில் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். ஞாயிறு பின்நேரம், பூட்டியிருக்கும் பிள்ளைக் காம்பராவைத் திறந்து, பாய் விரித்து, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றார். பக்கத்து வீட்டுத் தோழிதான் முதலில் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் மதினி என்று அழைப்பார்கள்.

"இதுல என்ன மதினி குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. நாம பேசுவோம்."

"பேசறதுக்கா மீட்டிங்கு? அதத்தானே பீலிக்கரையில தண்ணிக் குடத்த வச்சுக்கிட்டு தெனமும் செய்றோம்!"

"பீலிக்கரையில பேசுறது காலையில நமக்கு முந்தி மலைக்குப் போயிருது மதினி. இங்க பேசுறது இங்கயே கெடக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் வந்தார்கள். லயத்துக்கு மருமகளாக வந்த சிங்களப் பெண் வந்தார். அவருக்காக அக்கா தன் அரைகுறைச் சிங்களத்தில் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்வார். காது கேளாத, பேச்சு வராத செல்வியும் வந்தாள். "அவளுக்கு இங்க என்ன வேல?" என்று ஒருவர் முணுமுணுத்தபோது அக்கா, "அவளுக்கும் மனசு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, பேசுகிறவரின் வாய் தெரியும் இடமாகப் பார்த்து அவளை உட்கார வைத்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது, பேசப் போகிறவர் கையைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் செல்விக்காக வந்த பழக்கம். அதனால் வாய் பேசுகிறவர்களுக்கும் தாங்கள் சொல்வதை யாரோ முழுதாகக் கேட்கிறார்கள் என்ற நிம்மதி கிடைத்தது.

அதே காலத்தில்தான் அக்கா கதவைச் சாத்த ஆரம்பித்தார்.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "தண்ணியக் குடி" என்பார்கள். பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் அந்த வீட்டில் சண்டை, இல்லாவிட்டால் காய்ச்சல், இல்லாவிட்டால் சாவு. அப்படிப்பட்ட இடத்தில் அக்கா வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அடுப்பு மூட்டும் வரை கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். தாழ் போடமாட்டார். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்: "அவசரம்னா தள்ளிக்கிட்டு வாங்க. கதைன்னா அப்புறமா வாங்க."

"தொரசாணி ரெஸ்ட் எடுக்குறாங்க" என்று வாசலில் கேலி பேசினார்கள். "புள்ளையா குட்டியா, இவளுக்கு என்ன அலுப்பு?" என்றும் பேசினார்கள். இரண்டும் சுவருக்கு மேலாக அக்காவின் காதில் விழுந்தன. முதலாவதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டாவதை அத்தான்தான் சொன்னார்.

எனக்கு மகள் பிறந்த நேரம் அந்தக் கதவு என்னையும் காப்பாற்றியது. பார்க்க வருகிறவர்கள், அறிவுரை சொல்கிறவர்கள், பால் போதவில்லை என்கிறவர்கள் என்று நாள் முழுவதும் வீடு நிறைந்திருக்கும். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். அக்கா வந்து என் முகத்தைப் பார்த்த உடனே மாமியாரிடம் சொன்னார்: "அத்த, புள்ளைய நீங்க கொஞ்சம் வச்சிருங்க. பாப்பா கதவச் சாத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"கதவச் சாத்துறதா? வந்தவங்க என்னம்மா நெனைப்பாங்க?"

"வந்தவங்களுக்கு நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிறேன் அத்த. அவங்க நெனைக்கிறத மறந்திருவாங்க."

அன்று நான் தூங்கினேன். விழித்தபோது மகளைப் பார்க்க ஆசையாக இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அந்த ஆசை வந்தது அதுதான் முதல் தடவை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், என்னைப் போன்ற இளம் தாய்மார் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இனி, எழுதாமல் விடும்படி சிலர் கேட்டுக்கொண்டதை எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு, எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, அக்கா கையைத் தூக்கினார். கூட்டத்தைக் கூட்டியவர் தன்னைப் பற்றிப் பேசியது அன்றுதான். "ஒங்க எல்லாரு மேலயும் எனக்குப் பிரியம் இருக்கு. ஆனா சில நாளு கேட்டுக் கேட்டு நெஞ்சு கல்லு வச்ச மாதிரி கனக்குது. அதுக்குத்தான் கதவச் சாத்துறேன். வேற ஒண்ணும் இல்ல." அன்று பக்கத்து வீட்டுத் தோழி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

மறுநாள் காலை கொழுந்து மலை முழுவதும் அந்தப் பேச்சு இருந்தது. பிள்ளையை விட வந்த ஒரு தாய் வாசலிலேயே நின்று கேட்டார்: "எங்க கஷ்டமெல்லாம் ஒங்களுக்குக் கல்லு மாதிரி கனக்குதாமே? அப்புறம் எதுக்குக் கூப்பிட்டு வச்சுக் கேட்டீங்க?"

அன்று மாலை அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"மதினி மாத்திச் சொல்லல பாப்பா. நான் சொன்னத அப்படியேதான் சொல்லியிருக்காங்க. மாத்திச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

"நீங்க போய்க் கேளுங்கக்கா."

"கேட்டா, நான் யாருகிட்டயும் சொல்லலைம்பாங்க. அதையும் நான் கேட்டுக்கிட்டு நிக்கணும். வேணாம்."

கூட்டம் மெலிந்தது. செல்வியும் சிங்கள மருமகளும் இன்னும் ஓரிருவரும் மட்டும் வந்தார்கள். அக்கா பாயை விரிப்பதை நிறுத்தவில்லை. அந்தத் தோழியின் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தபோது, பிள்ளையை மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அக்காதான். எனக்குக் கோபம் வந்தது. "இன்னும் அவங்களுக்கு ஓடுறீங்களா?" என்றேன். "அது அவசரம் பாப்பா" என்றார்.

அக்கா வீட்டில் இருந்த கடைசி நாள் மழை. அத்தான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். அக்கா வழக்கம்போல் வந்து கதவைச் சாத்தினார். பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார் வைத்தியர். அடுப்பு மூட்டும் நேரம் கடந்தும் கூரையில் புகை எழும்பாததைக் கண்டு செல்வி வந்து கதவைத் தள்ளியிருக்கிறாள். அக்கா தரையில் கிடந்தார். செல்வி மழையில் தொழிற்சாலைக்கு ஓடி அத்தானின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் "கொஞ்சம் முன்னால கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த வைத்தியர், அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சில நாட்களில் அக்கா கண் திறக்காமலேயே போய்விட்டார்.

சாவு வீட்டில் அந்தத் தோழி என் தோளில் சாய்ந்து அழுதார். அழுகைக்கு நடுவில் சொன்னார்: "சத்தம் கேட்டுச்சு தங்கச்சி. என்னமோ உருண்டு விழுந்த மாதிரி. ஒரு மொனகலு கூட கேட்டுச்சு. கதவு சாத்தியிருந்துச்சா... நம்ம போனா மதினிக்குப் பாரமா இருக்குமேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஒருவேளை அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாரோ என்று இந்த வருடம் முழுவதும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாரமா இருக்குமே என்ற அந்தச் சொல்லிடம் வந்ததும் என்னால் மேலே போக முடியவில்லை.

கருமாதிக்குள் கதை வேறாகிவிட்டது. "கதவச் சாத்திச் சாத்தியே போயிட்டா" என்றார்கள். குழந்தை பெற்ற பெண்களுக்கு அதைப் புத்திமதியாகச் சொன்னார்கள். எனக்கும் சொன்னார்கள்; மாமியாரும் கதவைச் சாத்த வேண்டாம் என்றார். பயந்துபோய் நானும் கதவைத் திறந்தே வைத்தேன். மகள் தூங்கும்போதும் எழுந்து எழுந்து கதவைப் பார்ப்பேன். வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டுவேன். போனபின் ஒன்றுமறியாத பிள்ளையிடம் எரிந்து விழுவேன். அக்கா சொன்னது தவறென்றால் நான் பிடித்துக்கொள்ள வேறென்ன இருக்கிறது என்பதே அந்த மாதங்களில் என் கேள்வியாக இருந்தது.

ஒருநாள் மாமியார் மகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "போம்மா. போயிக் கதவச் சாத்து."

"நீங்கதானே அத்த வேணாம்னீங்க?"

"ஆமா, பயத்துல சொன்னேன். ஒங்கக்கா கதவச் சாத்தியா செத்தா? தள்ள ஆளில்லாமச் செத்தா."

படிக்காத என் மாமியார் கோபத்தில் சொன்ன இந்த வார்த்தைக்குப் பிறகுதான் என்னால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார முடிந்தது. உறவுகளே, உங்கள் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் அக்காவின் சாவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். அவர் யாரையும் வெளியே தள்ளவில்லை. கொஞ்ச நேரம் தன்னோடு இருந்தார், பிறகு உங்களோடு இருந்தார். நான் கதவைச் சாத்துகிறேன். இன்னும் பயந்துகொண்டேதான் சாத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நான் வந்து நடத்த வேண்டும் என்று சிலர் அன்போடு கேட்டீர்கள். மகள் கொஞ்சம் வளரட்டும்.

நிறைவாக எங்கள் குடும்பத்தின் நன்றிகள். கதவைத் தள்ளித் திறந்த செல்விக்கு. அவளால் இதை வாசிக்க இயலாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரும்போது, அவள் பார்க்க, நானே சொல்லிவிடுகிறேன். மழையில் முச்சக்கர வண்டியை லயத்து வாசல் வரை ஏற்றிய தம்பிக்கு. இரவு பகலாகக் கவனித்த தாதியருக்கு. கருமாதிச் சமையலைத் தலைமேல் எடுத்துச் செய்த சிங்கள மருமகளுக்கு. பாடை சுமந்தவர்களுக்கும், தப்படித்தவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து அத்தானுக்குத் துணையாக நின்றவர்களுக்கும். என் மாமியாருக்கு.

அக்காவின் பக்கத்து வீட்டுத் தோழிக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார் அத்தான். இன்றும் பந்தியில் அவர்தான் ஓடி ஓடிப் பரிமாறியிருப்பார், எனக்குத் தெரியும். எழுதிப் பார்த்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் எடுத்துவிட்டேன். நன்றி சொன்ன இடத்தில் அவர் இல்லை என்று யாராவது கவனித்தால், அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். விட்டது நான்.

அன்புத் தங்கை,
ஹட்டன்