கவிழ்ந்த பாடம்

யூஜினாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பேச்சு. பேசுகிறவர்களில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள், மீதிப்பேர் அவளோடு சேர்ந்து படிப்பித்தவர்கள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த தகப்பனுக்கு நாலு பெண்கள். மூத்த மூவருக்கும் பொறுமையை அள்ளிக் கொடுத்த ஆண்டவர் கடைசிக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்று தாய் கோயிலில் நின்று முறையிட்டிருக்கிறாள். அதைக் கேட்டு யூஜினா திருந்தியதாக யாரும் சொல்லவில்லை. ஐம்பது வயது தாண்டியும், கோணலாக ஒன்றைக் கண்டால் அவளுக்கு முகம் சிவந்துவிடும்.

அவள் விஞ்ஞான ஆசிரியை. வெகுகாலம் மற்றவர்களைப் போல்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைப் பாடமாக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வீட்டில் பியூஸ் போய்விட்டது. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த மாணவி ஒருத்தி அந்த நேரம் அங்கே வந்திருந்தாள். மின்சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியவள், பியூஸ் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள். யூஜினாவுக்கு வந்த கோபம் அந்தப் பெண்மேல் அல்ல. "இவ்வளவு வருஷமா நான் என்னத்தைப் படிப்பிச்சனான்?" என்று தன்னைத்தானே கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளுடைய வகுப்பு நாலு சுவருக்குள் நிற்கவில்லை. மீனின் செவுளைப் பார்க்கப் பேலியகொடை மீன்சந்தைக்குப் போனது. கனவளவு படிக்க ஒருகொடவத்தையில் கொள்கலன்களுக்குப் பக்கத்தில் அளவுநாடாவோடு நின்றது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் பிறகு மெல்ல வந்து, "மிஸ், நாங்களும் ஒருக்கா வரலாமோ?" என்று கேட்டார்கள்.

போயாக் கூட்டம் இப்படித்தான் உண்டானது. வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் மண்டபம். மற்ற நாட்களில் அங்கே மூச்சுவிட இடமிராது. பௌர்ணமி லீவான போயாவுக்கு டியூஷன் இல்லை, சும்மா கிடக்கும். நடத்துகிறவன் யூஜினாவின் பழைய மாணவன், கேட்டவுடன் சாவியைக் கொடுத்துவிட்டான். பல பாடசாலைகளிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, மங்கள விளக்கு இல்லை, நன்றியுரையும் இல்லை. ஒரேயொரு வழக்கம் இருந்தது. கூட்டம் கவிழ்ந்த பாடத்தோடுதான் தொடங்கவேண்டும். தான் செய்யப்போய்ப் பிழையாய்ப்போன பாடத்தை ஒருவர் எழுந்து சொல்லவேண்டும். அவருக்கு ஆறுதல் சொல்லக்கூடாது, கைதட்டக்கூடாது, குற்றமும் பிடிக்கக்கூடாது. எங்கே பிழைத்தது என்று மட்டும் கேட்கலாம். பிறகு எல்லாரும் பிள்ளைகளைப் போல நிலத்தில் குந்தியிருந்து அதே பாடத்தைத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். அது முடியும்வரை தேத்தண்ணி கிடையாது.

முதல் கவிழ்ந்த பாடம் யூஜினாவுடையது. மீன்சந்தை நாற்றத்தில் பிள்ளைகள் வாந்தியெடுத்த கதையையும், தராசைச் சோதிக்கப்போன ஒருத்தன் முதலாளியிடம் சிங்களத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். அடுத்தது அர்ஷாத். வணிகக்கல்வி படிப்பிக்கிறவன். பாடசாலைக்குள்ளே மாணவர்களைக் கடை போடவைத்தான். அவர்கள் சிநேகிதர்களுக்கெல்லாம் கடன் கொடுத்து, இடைவேளை முடிவதற்குள் கடையை இழுத்து மூடிவிட்டார்கள். அவன் அதைச் சொன்னபோது மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். படித்த மனிதர்கள் தங்கள் முட்டாள்தனத்தை வெட்கமில்லாமல் சொல்ல இடம் கொடுத்த மண்டபம் கொழும்பில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

நல்ல காரியம் ஒன்று நாலு பேர் கண்ணில் பட்டால் போதும், பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். இங்கே வந்தவர் றொபேட் சேர். கல்வித்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கூட்டம் என்றால் மேடை வேண்டும், மேடை என்றால் அதில் தான் வேண்டும் என்று மனதார நம்புகிறவர். உதவி செய்ய நிறுவனமொன்றைப் பிடித்துக் கொடுத்தார். போயாக் கூட்டம் 'செயல்வழிக் கல்வியாளர் மன்றம்' ஆயிற்று. எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. நிலத்தில் இருந்து பழகியவர்கள் ஹோட்டல் கதிரைகளில் ஏசியில் விறைத்துக்கொண்டு, செய்து கற்பது எப்படி என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூத்தைப் பார்த்து ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

முதல் செயற்குழுக் கூட்டத்தில் றொபேட் சேர் தொண்டையைச் செருமினார்.

"யூஜினா மிஸ், இந்தக் கவிழ்ந்த பாடத்தை இனி விடுவம். பெரிய ஆக்கள் வந்து இருக்கிற இடத்தில பிள்ளையள் சத்தியெடுத்த கதையோ? வெற்றிக் கதையளைச் சொல்லுவம். அதையே புத்தகமாப் போடுவம்."

யூஜினாவுக்கு உள்ளே சுள்ளென்றது. ஆனால் கொலன்னாவையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் ஆசிரியர்கள் சேரக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாகாணம் முழுக்க இது பரவவேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. சம்மதமென்றால் கையை உயர்த்தச் சொன்னார் றொபேட் சேர். எல்லாரும் உயர்த்தினார்கள், அவளும் உயர்த்தினாள். கோபப்பட வேண்டிய இடத்தில் அவள் கோபப்படாமல் விட்டது வாழ்நாளில் அந்த ஒருதரம்தான்.

புத்தகம் பளபளவென்று வந்தது. அட்டைப்படத்தில் அர்ஷாத், குளிக்கிற சவர்க்காரக் கட்டிகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு சிரித்தான். வகுப்பிலேயே சவர்க்காரம் செய்து, விலை போட்டு, விற்று, லாபம் பார்க்கிற பாடம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

நிஹ்லாவுக்கும் பிடித்தது. கொலன்னாவைப் பக்கத்துப் பாடசாலையில் புதிதாக வேலைக்கு வந்தவள், அவளும் வணிகக்கல்விதான். மன்றத்தில் சேர்ந்தாளே தவிர, வெள்ளவத்தை மண்டபத்தைக் கண்டவளல்ல. புத்தகம் சொன்னபடி பேசினில் கோஸ்டிக் சோடாவைக் கொட்டினாள். புத்தகம் சொன்னபடி அதன்மேல் தண்ணீரை ஊற்றினாள். அது சீறிக் கொதித்துத் தெறித்தது. கிளறுவதற்காகக் குனிந்து நின்ற அகீலா என்ற மாணவியின் முகத்தில் பட்டது. நிஹ்லா வெறுங்கையால் அவள் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தன் கைகளையும் வேகவைத்துக்கொண்டாள். உயிருக்குப் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அகீலாவின் இடது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். தண்ணீரைச் சோடாவின்மேல் ஊற்றக்கூடாது. யூஜினாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். கேட்கிற வழக்கத்தைத்தான் கைதூக்கி ஒழித்துவிட்டார்களே.

மன்றம் என்ன செய்தது? றொபேட் சேர் பழக்கூடையோடு அகீலாவின் வீட்டுக்குப் போய், அந்த டீச்சருக்கும் மன்றத்துக்கும் ஒரு சம்பந்தமுமில்லை, அவள் பயிற்சியையே முடிக்கவில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தார். அதையே அறிக்கையாக எழுதி வட்ஸ்அப்பிலும் போட்டார். அதன் கீழே ஆசிரியர்மார் வரிசையாகக் கைகூப்பினார்கள். நிஹ்லாவை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள், விசாரணை முடிந்தால் வேலையே போய்விடும் என்ற கதையும் அடிபட்டது. யூஜினா போனைக் கட்டிலில் எறிந்தாள். அட, மானங்கெட்ட கூட்டமே! பிள்ளைகளுக்குப் பொறுப்பைச் சொல்லிக்கொடுக்கிறவர்களா இவர்கள்?

அவள் நிஹ்லாவின் வீட்டுக்குப் போனாள். இரண்டு கையிலும் கட்டோடு இருந்தாள் அந்தப் பெண்.

"புக்ல ஈக்கிற மாதிரித்தான் மிஸ் செஞ்சேன். ஒண்டையும் மாத்தல்ல. அர்ஷாத் சேருக்கு சரியா வந்திச்சே, எனக்கு மட்டும் ஏன் இப்பிடி? என்ட கையிலதான் ஏதோ பிழை."

"உன்ர கையில ஒரு பிழையுமில்ல," என்றாள் யூஜினா. அங்கிருந்தே அர்ஷாத்துக்குப் போன் எடுத்தாள்.

"எனக்கு ஒரு பிரச்சினையும் வரல்ல மிஸ். அவங்க கவனமில்லாம செஞ்சீப்பாங்க," என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். கடை மூடிய கதையைச் சொல்லிச் சிரித்தவனின் குரல் அதுவல்ல. பொய் சொல்கிறான் என்று யூஜினாவுக்கு விளங்கியது. அவன் வாயால் உண்மை வராவிட்டால் நிஹ்லா தொலைந்தாள் என்பதும் விளங்கியது.

மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. அர்ஷாத்துக்கு அன்று பொன்னாடை. தொடங்கிவைத்தவள் என்ற மரியாதைக்கு யூஜினாவுக்கும் மேடையில் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் உரை ஒன்றும் எழுதவில்லை. ஒரு பேசின், ஒரு போத்தல் தண்ணீர், கடையில் வாங்கிய கல்லுப்புப் பை, அந்தப் புத்தகம், இவ்வளவோடு போனாள். கோபம் வந்தால் யூஜினாவுக்குப் புத்தி மழுங்காது, தீட்டிக்கொள்ளும்.

மேடையில் பேசினை வைத்து, பார்வைக்குச் சோடாவைப் போலவே இருந்த அந்த வெள்ளையை அதில் கொட்டினாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச சவர்க்காரப் பாடம்," என்றாள் மைக்கில். "செய்து படிக்கிற ஆக்கள் நாங்கள், கதைச்சது காணும். றொபேட் சேர், வாங்கோ. புத்தகத்தை வாசிச்சு வாசிச்சுச் செய்யுங்கோ."

சபை கைதட்டியது. றொபேட் சேர் சிரித்துக்கொண்டே கோட்டின் கையை மடித்தார். அவருக்குச் சோடாவும் தெரியாது, சவர்க்காரமும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார், போத்தலைத் திறந்தார், பேசினுக்கு மேலே நன்றாகக் குனிந்து சரித்தார்.

"சேர்! ஊத்தாதீங்க!"

முன்வரிசையிலிருந்து கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்த அர்ஷாத், அவர் கையிலிருந்த போத்தலைத் தட்டிவிட்டான். தண்ணீர் கம்பளத்தில் கொட்டியது.

"ஏன் ஊத்தக்கூடாது, அர்ஷாத்?" என்றாள் யூஜினா. "புத்தகத்தில அப்பிடித்தானே இருக்கு? உமக்கு ஒரு பிரச்சினையும் வரேல்லயே?"

அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மேலே இழுத்துவிட்டான். தோல் சுருங்கிக் கறுத்துக் கிடந்தது.

"எனக்கும் பொங்கின. நல்லகாலம் புள்ளைகள் தள்ளி நின்டாங்க. ரெண்டாந்தரம் மாத்திச் செஞ்சேன், அதுதான் போட்டோ. செஞ்சு பாக்க முந்தியே புக்குக்கு எழுதிக் குடுத்திட்டேன். திருத்தப் போனா பொங்கினதையும் சொல்லணும்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?" யூஜினாவின் சத்தம் மைக் இல்லாமலே பின்வரிசைக்குக் கேட்டது. "அந்தப் பிள்ளையின்ர கண் போகப்போகுது, தெரியுமா உமக்கு?"

அர்ஷாத் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது.

"எங்க போய் சொல்ல மிஸ்? சொல்லுறதுக்கு ஒரு எடம் ஈந்திச்சி. நீங்களும் சேந்துதானே கையத் தூக்கி அத இல்லாமச் செஞ்ச? இங்க வந்து வெற்றிக் கத மட்டும் சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்."

ஓங்கி அறைய வந்தவளுக்கு அறை விழுந்தது. றொபேட் சேர் அவசரமாக மைக்கைப் பிடித்து, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. பேசினைத் தூக்கி அவர் முன்னால் மேசையில் தொப்பென்று வைத்தாள். "உப்பு, சேர். வெறும் உப்பு. பயப்பிடாமத் தேத்தண்ணி குடியுங்கோ," என்றாள். அர்ஷாத்தின் பக்கம் திரும்பி, "வாரும்," என்றாள்.

ஒரு த்ரீவீலில் இரண்டு பேரும் நேரே கொலன்னாவைக்கு, அகீலாவின் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த தாய், கழுத்திலிருந்த அட்டைகளைப் பார்த்தவுடன், "பழம் கொண்டு வந்த சேர்ட ஆக்கள்தானே? வாங்க," என்று முன்னறையில் இருந்த இரண்டு கதிரையிலும் இருத்தி, தேசிக்காய்த் தண்ணி கொடுத்தாள். உள்ளே அகீலா கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள்.

அர்ஷாத் தொடங்கினான். பொங்கியதைச் சொன்னான், மறைத்ததைச் சொன்னான், விசாரணையிலும் இதையே சொல்வேன் என்றான். யூஜினா தன் பங்கைச் சொன்னாள். அந்த வழக்கத்தை விட்டிருக்காவிட்டால் இது நடந்திருக்காது என்றாள், தானும்தான் கை தூக்கியது என்றாள். நிஹ்லாவின்மேல் பிழையில்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

தாய் சுவரோடு சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"அந்த டீச்சர் கையில கட்டோட ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து ரோட்டுல நிக்கிறா," என்றாள். "ஒருநாளும் நான் கதவத் தொறக்கல்ல. ஏசி ஏசித் தொரத்தினேன். ஒங்க ரெண்டு பேருக்கும் கதிர போட்டு, குடிக்கவும் தந்தீக்கேன்."

யூஜினா கிளாசைக் கீழே வைத்தாள். தாய் போய்த் தெருக்கதவை அகலத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எழும்புங்க மிஸ். அவ வாற நேரம். அந்தக் கதிர வேணும்."