பார்க்காமல் விட்ட மூன்று சக்கரங்கள்

1. மலையிறக்கத்தில்

மேகமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மதியம் எஸ்டேட்டை விட்டுக் கிளம்பி, வழியில் ரோடு வேலைக்காரர்களின் தகரக் கொட்டகையில் படுத்து எழுந்து, விடிந்ததும் மறுபடி நடந்தேன். எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் எட்டு மாதம் இருந்தேன். பிறகு மருந்து அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். கண் வீங்கியது. பத்து நாள் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அதற்கு முன்னால் கோம்பையில் ஒரு எண்ணெய் மில், அதற்கும் முன்னால் தேவதானப்பட்டியில் மாந்தோப்புக் காவல். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. படிப்பு எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றது. எண்களைப் படிப்பேன். ஆங்கில எழுத்து பெரிதாக இருந்தால் கூட்டிப் படித்துவிடுவேன். இது நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அடிவாரம் கண்ணுக்குத் தெரிகிற வளைவு ஒன்றில் நீலநிற ஹெரால்டு கார் நின்றிருந்தது. அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் அது ஒன்று. பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்குக் கீழே ஜாக்கியும் இரண்டு கல்லும் முட்டுக் கொடுத்திருந்தது. டிரைவர் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பேர் பால்ராஜ். வண்டி அவருடைய சொந்த டாக்ஸி.

"தம்பி, கீழ போறீகளா?"

"சின்னமனூர் வரைக்கும் போறேண்ணே. அங்கிருந்து எங்கன போறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"அப்ப அந்த முடிவ நான் பண்ணிர்றேன். தேனிக்குப் போங்க."

டயர் வெடித்திருந்தது. ஸ்டெப்னியும் நூல் தெரியத் தேய்ந்து, காற்று நிற்காமல் கிடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தேனியில் பிரேக் இன்ஸ்பெக்டர் கேம்ப். மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாதம் ஒருநாள் வந்து, டாக்ஸிகளையும் லாரிகளையும் ஓட்டிப் பார்த்து, ரோட்டில் ஓடத் தகுதியானவை என்று எஃப்.சி. கையெழுத்துப் போடுவார். பால்ராஜின் எஃப்.சி. அந்த வாரத்தோடு முடிகிறது.

"நாளைக்கு விட்டா அடுத்த மாசந்தான். அது வரைக்கும் வண்டி ரோட்டுல ஏறக்கூடாது. பதினஞ்சு வருசம் ஓட்டுன ஜீப்பு வேலய விட்டுட்டு இத வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. இதத் தொடச்சு வச்சுக் கும்பிடவா?" என்றார்.

அவரே போகலாம்தான். ஆனால் டிக்கியில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வீட்டுச் சாமான்கள் இருந்தன. விட்டுவிட்டு நகர முடியாது. தேனியில் அவருக்குத் தெரிந்த டயர் கடைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டைக் காட்டினால் டயரும் ட்யூபும் கொடுப்பார்கள், காசு அவர் வந்து கொடுத்துக்கொள்வார்.

"என்ன சைஸுண்ணே கேக்கணும்?"

"ஜீப்புன்னா ஆறு பதினாறு, தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இந்தச் சின்ன வண்டி சமாச்சாரம் எனக்கும் புதுசு. வெடிச்ச டயருல போட்டிருக்கும், பாத்து எழுதிக்கங்க."

எச்சில் தொட்டுச் சேற்றைத் துடைத்தேன். டயர் முழுக்க எண்கள். கம்பெனி நம்பர், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போட்ட பட்டறைக்காரன் சூடு வைத்த நம்பர், இன்னும் என்னென்னவோ. எது சைஸ் என்று தெரியாததால் எல்லாவற்றையும் பையில் கிடந்த ஏலக்காய் மூட்டை அட்டையின் பின்புறம் எழுதினேன். அவற்றில் ஒன்று 5.60-13.

மற்ற மூன்று சக்கரங்களும் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அவற்றை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

2. கடையில்

சின்னமனூர் வரை நடை. அங்கிருந்து தேனிக்கு பஸ். கடை முதலாளி ஜெபமணி அண்ணாச்சி சீட்டைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வண்டிப்பா?"

"சின்ன வண்டிங்க. நீலக் கலரு."

"நான் பெயின்ட் கடை வைக்கலயே."

அட்டையை நீட்டினேன். வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். முதல் மூன்று வரிகளை விரலால் அடித்துத் தள்ளினார். 5.60-13 என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஹெரால்டு வண்டியா?"

"அந்தப் பேருதாங்க. இப்பத்தான் ஞாபகம் வருது."

"அதுக்கு அஞ்சு இருபது பதிமூணுல்ல வரும்? நீ அஞ்சு அறுபதுன்னு எழுதியிருக்க."

"டயருல இருந்ததுதாங்க எழுதினேன்."

"நல்லாப் பாத்தியா? ரெண்ட ஆறாப் பாத்திருக்க மாட்டியே?"

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாட்டியும் நம்பர் தெரியுங்க."

கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை. மூக்கைச் சொறிந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் எண் டயரின் பருமன். இரண்டாவது எண், டயர் உட்காருகிற ரிம்மின் குறுக்களவு. இரண்டும் இன்ச்சில். ஆக இரண்டு டயருமே அந்த ரிம்மில் ஏறும். ஏறுவதால் அது சரியான டயர் என்று ஆகிவிடாது. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. 5.20 என்றால் என்ன, 5.60 என்றால் என்ன, இவர் ஏன் இவ்வளவு யோசிக்கிறார் என்று குழம்பிப்போய் நின்றேன்.

"மத்த மூணுல என்ன போட்டிருந்துச்சு?" என்று கேட்டார்.

"பாக்கலங்க."

"மூணையுமா பாக்கல?"

"வெடிச்சது ஒண்ணுதானேங்க."

கடையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கடையில் இரண்டு சைஸிலும் ஒவ்வொரு புது டயர் இருந்தது. இரண்டையும் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். ஒரு டயருக்குத்தான் சீட்டு, முன்பின் தெரியாத ஆளிடம் இரண்டு கொடுக்க முடியாது என்றார். நியாயம்தான். நானாக இருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

"நான் வண்டியப் பாக்கல. நீ பாத்திருக்க. நீயே சொல்லு, எதத் தரட்டும்?"

அவர் சொன்னது சரியாக இருக்கும் என்று ஒரு பக்கம் தோன்றியது. கண்ணால் பார்த்ததை எப்படி விடுவது என்றும் தோன்றியது. பால்ராஜ் சொன்னதும் டயரில் இருப்பதை எழுதச் சொல்லித்தான். அஞ்சு அறுபதையே கேட்டு வாங்கினேன்.

பஸ் மேலே டயரை ஏற்றியபோது கண்டக்டர், "இதென்னப்பா, பஸ்ஸு பாதியில நின்னா நீ மட்டும் உருட்டிக்கிட்டுப் போயிருவியா?" என்றார்.

3. ஒரு விரல் உயரம்

சின்னமனூரில் இறங்கி, டயரை உருட்டிக்கொண்டே நடந்து, மதியம் மூன்று மணிக்கு வண்டி நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பால்ராஜ் லீவர் போட்டு டயரை ரிம்மில் ஏற்றி, கால் பம்பில் காற்றடித்து மாட்டினார். ஜாக்கியை இறக்கினார். வண்டியின் பின்பக்கம் இடதில் ஒரு விரல் உயரம் ஏறி நின்றது.

"புது டயருல்ல, அப்படித்தான் இருக்கும்," என்றார் பால்ராஜ். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

முதல் குழியில் இறங்கியதும் பின்னால் கரகரவென்று சத்தம். அடுத்த குழியில் ரப்பர் கருகிய வாடை. டயர் மட்கார்டின் உட்புறம் உரசிக்கொண்டிருந்தது. பால்ராஜ் பிரேக்கை அழுத்தினார். பின்பக்கம் ஒருபுறமாக ஒதுங்கியது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டரு இப்படித்தான் ஓட்டிப் பிரேக் அடிக்கச் சொல்வாரு. வண்டி இப்படி ஒதுங்குனா அங்கனயே எறங்கிப் போன்னுவாரு. என்னத்தத் தம்பி வாங்கியாந்த?"

"அண்ணே, எழுதினது பொய்யில்ல. நீங்களே பாருங்க."

வெடித்த டயரை எடுத்துப் பார்த்தார். 5.60-13. பிறகு இருவரும் வண்டியைச் சுற்றி வந்தோம். பின்பக்கம் வலது 5.20-13. முன்பக்கம் வலது 5.20-13. முன்பக்கம் இடது, அதுவும் அப்படியே. என்னிடம் இருந்த எண் சரி. வாங்கி வந்த டயரிலும் அதே எண். வண்டிக்கு மட்டும் தப்பு. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பால்ராஜுக்கும் விளங்கவில்லை. திட்ட வேண்டிய ஆள் யார் என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் மலையைத் திட்டினார்.

முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்குள் வண்டியின் புத்தகம் ஒன்று கிடந்தது. பால்ராஜ் அதைத் திறந்ததே இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, டயர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். 5.20-13 என்று இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் அது ஒன்றுதான்.

காலையில் அந்தப் பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே தேனிக்கு வந்தோம். கடையை அடைக்கிற நேரம். அண்ணாச்சி குனிந்து இரண்டு பின்சக்கரங்களையும் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராக நின்றேன்.

"முன்னாடி இத வச்சிருந்தவரு மேகமலைக்கு ஓட்டினாரா?" என்று பால்ராஜிடம் கேட்டார்.

"அங்கனதான் ஓட்டினாக. ஏழு வருசம்."

"அதான். அந்த ரோட்டுல கல்லு அடிவயித்துல இடிக்குதுன்னு பின்னாடி ரெண்டுக்கும் அஞ்சு அறுபது போட்டு வண்டியத் தூக்கிவிடுவாக. அதுல ஒண்ணு செத்திருக்கும். கையில கெடச்ச அஞ்சு இருபத மாட்டிருப்பாக. மிச்சம் ஒண்ணு அப்படியே கெடந்து தேஞ்சு, பக்கத்து டயரு உசரத்துக்கு எறங்கிருச்சு. அதான் உனக்கு வித்தியாசம் தெரியல. இப்பப் புதுச மாட்டவும் தெரியுது."

பால்ராஜ், "சரி, அஞ்சு இருபதக் குடுங்க," என்றார்.

"மத்தியானமே போடிக்காரரு ஒருத்தரு வாங்கிட்டுப் போயிட்டாரே. மதுரையில இருந்து லோடு வர வெள்ளிக்கிழமை ஆகும்."

பால்ராஜ் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் என் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அதுவரை எந்த ஊரிலும் அப்படித்தான் செய்திருந்தேன். அன்றைக்கு ஏன் நின்றேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் கிளம்பச் சொல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

அண்ணாச்சிதான் பேசினார். "வாடகை டயரு ஒண்ணு கெடக்கு. அஞ்சு இருபது. பாதிதான் தேஞ்சிருக்கு."

கேம்ப் நாளில் நல்ல டயர் இல்லாத வண்டிக்காரர்கள் கடையில் டயரை வாடகைக்கு வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, மதியமே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவது அப்போது வழக்கம். எல்லாருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

"எனக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் வேணும்," என்றார் பால்ராஜ். "வெறுமனே காட்டிட்டுக் கழட்டுனா நான் எதுல ஓட்டுறது?"

"ஓட்டிக்க. ஆனா அது வரைக்கும் என் ஆளு ஒருத்தன் கூடவே வருவான். போன தடவ ஒருத்தன் டயரோட கம்பத்துக்குப் போயி, அங்கிருந்து குமுளி ஏறிக் கேரளாவுக்குப் போயிட்டான்." அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீதான் அந்த ஆளு. டயரு திரும்பி வந்தா வேல இருக்கு. வரலன்னா நீயும் வராத."

4. கேம்ப்

காலை எட்டு மணிக்கே மைதானத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எங்களுடையது ஒன்பதாவது. பின்பக்கம் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பால்ராஜ் நாலு தடவை இறங்கிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் ஷூவால் தட்டினார். வண்டியை நேராக ஓட்டிப் பிரேக் அடிக்கச் சொன்னார். மண்ணில் பின்சக்கரங்கள் இழுத்த இரண்டு கோடும் ஒரே நீளத்தில் விழுந்தன. அடுத்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னி இடத்தில் என்னுடைய 5.60 கிடந்தது. ஒருபக்க ஓரம் உரசித் தேய்ந்திருந்தது.

"இது எந்த வண்டிக்கு?"

பால்ராஜ் என்னைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் நான் சொன்னேன். "தப்பா வாங்கினதுங்கய்யா. நான்தான் வாங்கினேன்."

"டயருல பாத்து வாங்கினியா, வண்டியப் பாத்து வாங்கினியா?"

"டயருல பாத்துங்கய்யா."

"எல்லாரும் அதான் செய்றீக. பஞ்சரானா ஊருக்குள்ள உருட்டிட்டு வர மட்டும் இத வச்சுக்க. இத மாட்டிக்கிட்டுச் சவாரி ஓட்டினதப் பாத்தேன்னா சர்ட்டிபிகேட்டக் கிழிச்சிருவேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பால்ராஜ் பேப்பரை வாங்கி மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்தபடியே வண்டியில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை வாடகை டயர் கடைக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு பல வருஷம் டயர் தொழிலில் இருந்துவிட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழைய டயரில் இருக்கிற எண், யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் கையில் கிடைத்ததை வைத்து எடுத்த முடிவு. அது சரியான சைஸுக்குச் சாட்சி ஆகாது. வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். ரிம்மைப் பாருங்கள். நான்கு சக்கரத்தையும் சுற்றி வாருங்கள். ஒரே அச்சில் இரண்டு சைஸ் இருந்தால், எது சரி என்று தெரிகிற வரை எதையும் விற்காதீர்கள். இவ்வளவு சொன்னாலும் குழப்பம் தீராது. வண்டிக்கு வண்டி அது புதிதாக ஆரம்பிக்கும்.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற டாக்ஸி டிரைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நீ அண்ணாச்சி கடை ஆளா?"

அரை நிமிஷம் யோசித்தேன். "ஆமாண்ணே," என்றேன்.

"எனக்கு முன்னாடி ரெண்டு டயரு மாத்தணும். என்ன சைஸு போடலாம்?"

அவர் வண்டியைச் சுற்றி வந்தேன். நான்கு சக்கரத்தில் மூன்று சைஸ் இருந்தது. இதில் எது சரி என்று அவரிடமே கேட்டேன்.

"தெரிஞ்சா உன்ன ஏன் கூப்பிடுறேன்?" என்றார்.

வண்டியோடு வந்த புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, முதல் சக்கரத்தின் முன் குத்தவைத்து உட்கார்ந்தேன்.